மாநிலங்களவையின் கூட்டாட்சிப் பொறுப்பும் அதைத் தளர்த்திய இரு மாற்றங்களும்

அமெரிக்க செனட்டில் ஒவ்வொரு மாநிலத்துக்கும் இரண்டு இடங்கள். இந்திய மாநிலங்களவையில் உத்தரப் பிரதேசத்துக்கு 31, சிக்கிமுக்கு ஒன்று. இந்த ஏற்றத்தாழ்வைக் காட்டி, மாநிலங்களவை கூட்டாட்சி அவையே ஆகாது என்று வாதிடுவோர் உண்டு. அவ்வாதம் நோயின் இடத்தைத் தவறாகக் குறிக்கிறது என்பது இக்கட்டுரையின் நிலைப்பாடு. உறுப்பினர் தகுதியில் 2003இல் செய்யப்பட்ட திருத்தமும், பண மசோதா என்ற வகைப்பாட்டைத் தாராளமாகக் கையாண்டதுமே அவ்வவையின் கூட்டாட்சித் தன்மையைத் தளர்த்தின.

அமைப்பை முதலில் காண்போம். மாநிலங்களவையின் 245 இடங்களில் 12 பேரைக் குடியரசுத் தலைவர் நியமிக்கிறார். மாநிலங்களுக்குரிய உறுப்பினர்களை அந்தந்தச் சட்டமன்ற உறுப்பினர்கள் ஒற்றை மாற்று வாக்கு முறையில் தேர்ந்தெடுக்கிறார்கள். முதல் 50 லட்சம் மக்கள்வரை 10 லட்சத்துக்கு ஓர் இடம், அதற்குமேல் 20 லட்சத்துக்கு ஓர் இடம் என்ற அளவுகோலே பங்கீட்டுக்கு அடிப்படையானது. எனவே பெரிய மாநிலங்களின் பலம் ஓரளவு மட்டுப்படுகிறது. மக்களவையில் உத்தரப் பிரதேசத்துக்கு 80, தமிழ்நாட்டுக்கு 39: இருமடங்குக்கும் மேல். மாநிலங்களவையில் 31க்கு 18: ஏறத்தாழ ஒன்றே முக்கால் மடங்கு.

அதிகாரங்களிலும் கூட்டாட்சி நோக்கம் தெளிவு. மாநிலப் பட்டியலிலுள்ள பொருள் குறித்து நாடாளுமன்றம் சட்டமியற்ற வழிவிடும் தீர்மானத்தையும் (249ஆம் உறுப்பு), புதிய அகில இந்தியப் பணிகளுக்கான தீர்மானத்தையும் (312ஆம் உறுப்பு) இவ்வவையால் மட்டுமே நிறைவேற்ற முடியும். மூன்றில் ஒரு பங்கினர் இரண்டாண்டுக்கு ஒருமுறை ஓய்வுபெறுவதால், ஒரே தேர்தல் அலை அவை முழுவதையும் மாற்றிவிடாது. அரசமைப்புத் திருத்தங்களுக்குக் கூட்டுக் கூட்டம் என்ற குறுக்குவழியும் இல்லை.

இந்த ஏற்பாட்டின் உயிர்நாடி, உறுப்பினருக்கும் மாநிலத்துக்கும் உள்ள பிணைப்பு. 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், வேட்பாளர் அம்மாநில வாக்காளராக இருக்க வேண்டும் என்றது. 2003ஆம் ஆண்டுத் திருத்தம் அதை இந்தியாவில் எங்கேனும் வாக்காளர் என்று மாற்றியது. குல்தீப் நய்யார் வழக்கில் 2006இல் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லும் என்றது. பழைய நிபந்தனை ஏட்டளவில்தான் இருந்தது என்ற வாதத்தில் உண்மை உண்டு. ஆனால், ஏய்ப்புக்கு இடம்தரும் விதியை இறுக்குவதே முறை. நீக்கியதால் கட்சித் தலைமையின் விருப்பமே தகுதியாகிவிட்டது.

இரண்டாவது தளர்வு இன்னும் ஆழமானது. பண மசோதா மீது மாநிலங்களவை 14 நாட்களுக்குள் பரிந்துரை மட்டுமே செய்யலாம். மக்களவை அதை ஏற்க வேண்டியதில்லை. எது பண மசோதா என்பதில் சபாநாயகரின் முடிவே இறுதி என்கிறது 110ஆம் உறுப்பு. 2016இல் ஆதார் மசோதா இவ்வழியில் வந்தது. மாநிலங்களவையின் பரிந்துரைகளை மக்களவை நிராகரித்தது. 2018இல் உச்ச நீதிமன்றத்தின் பெரும்பான்மைத் தீர்ப்பு அவ்வழியை ஏற்றபோதும், நீதிபதி சந்திரசூட் அதை அரசமைப்புக்கு இழைத்த மோசடி என்று மாறுபட்டார். மறுஆண்டில் ரோஜர் மேத்யூ வழக்கில் இக்கேள்வி பெரிய அமர்வுக்கு அனுப்பப்பட்டது.

பண மசோதா எனச் சான்றளிக்கும் அதிகாரம் ஒருவரிடம் இருக்கலாம். கலந்தாய்வு இல்லாமல் இருக்கலாகாது. பிரிட்டனின் 1911ஆம் ஆண்டு நாடாளுமன்றச் சட்டம், இயன்றவரை இரு உறுப்பினர்களைச் சபாநாயகர் கலந்தாலோசிக்கச் சொல்கிறது. இங்கு அவர்களில் ஒருவர் மாநிலங்களவையைச் சேர்ந்தவராக இருப்பது பொருந்தும். அதனுடன், வேட்பாளர் குறிப்பிட்ட காலம் மாநிலத்தில் உண்மையாக வாழ்ந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் தேவை.

இச்சீர்திருத்தங்களின் அவசரம் தொகுதி மறுபங்கீட்டில் இருக்கிறது. 1967இல் தமிழ்நாட்டின் மக்களவை இடங்கள் 41இலிருந்து 39ஆகக் குறைந்தன. 1976இல் 42ஆவது திருத்தம் மாநிலங்களுக்கிடையேயான இடப் பங்கீட்டை உறையவைத்தது. 84ஆவது திருத்தம் அதை 2026க்குப் பிந்தைய முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்புவரை நீட்டித்தது. மக்கள்தொகையைக் கட்டுப்படுத்திய மாநிலங்கள் மக்களவையில் பங்கிழக்க நேர்ந்தால், அவற்றின் குரலுக்கு நாடாளுமன்றத்துக்குள் எஞ்சும் காப்பு மாநிலங்களவைதான். மறுபங்கீட்டுப் பேச்சுக்கு முன்பே அந்த அவையைச் செம்மைப்படுத்துவது, மாநிலங்களுக்கு ஒன்றியம் ஆற்ற வேண்டிய கடமை.