தேயிலை மலையும் ஆடும் பல்லும்

ஈறு இறங்கிப் பல் ஆடத் தொடங்கினால் பிடுங்கிப் போட்டுவிட வேண்டும் என்பது சமவெளியிலும் உண்டுதான். கேரளத்தின் மூணாறு, தேவிகுளம், பீர்மேடு, நெல்லியாம்பதி தேயிலைத் தோட்டக் குடியிருப்புகளான லயங்களில் அது விவாதமே இல்லாத முடிவு. வயதானால் பல் போகும், சிலருக்குக் கொஞ்சம் முந்திப் போகும், அவ்வளவுதான் என்று விஷயம் முடிந்துவிடும். உடம்பைப் பார்த்துப் பார்த்து வந்த பட்டறிவு போலத் தோன்றினாலும், இந்த முடிவில் பாதிக்கு மேல் தோட்ட வாழ்க்கை கற்பித்தது. முற்றிய ஈறுநோய்க்குப் பிடுங்குவதே முதல் சிகிச்சை என்ற எண்ணத்தைத் தகர்த்த சான்றுகளில் தலையாயது தேயிலைத் தோட்டத் தமிழர்களின் வாயிலிருந்தே எடுக்கப்பட்டது. அந்தச் சான்று உலகத்துப் பல் மருத்துவக் கல்லூரிகளுக்கெல்லாம் போய்ச் சேர்ந்தது. அது கிளம்பிய லயங்களுக்கும் அவற்றின் உறவு லயங்களுக்கும் மட்டும் இன்னும் முழுதாகத் திரும்பவில்லை.

1877-ல் ஜான் டேனியல் மன்றோ பூஞ்சாறு அரச குடும்பத்திடமிருந்து கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகைக்குப் பெற்றார். 1897-ல் கண்ணன் தேவன் கம்பெனி உருவானது. காட்டை அழித்துத் தேயிலை நட்ட கைகளில் பெரும்பகுதி போடிநாயக்கனூர் வழியாக, குரங்கணி, டாப் ஸ்டேஷன் ஏற்றத்தில் நடந்து வந்தவை. தென்மாவட்டங்களிலிருந்து கிளம்பிய இன்னொரு கூட்டம் மண்டபம், தலைமன்னார் வழியாக இலங்கையின் கண்டிச் சீமைக்குப் போனது. ஆள்பிடிக்கும் கங்காணி முறை, பெரட்டு என்ற காலை ஆள்கணக்கு, எட்டடிக் காம்பரா என்ற ஒற்றை அறை எல்லாம் இரு மலைகளுக்கும் பொது. பல் விஷயத்திலும் அப்படியே. ஊரில் கைக்கெட்டும் தூரத்தில் இருந்த வேப்பங்குச்சி ஐயாயிரம் அடிக் குளிரில் கிடையாது, வேம்பு அங்கே தழைப்பதில்லை. உப்பும் கரியும் விரலும் மிஞ்சின. குளிருக்கும் பசிக்கும் வெற்றிலை, பாக்கு, புகையிலை சேர்ந்துகொண்டன. தோட்ட டிஸ்பென்சரியோ ஆளைப் பெரட்டுக்கு வராமல் தடுக்கும் நோய்களுக்காக ஏற்பட்டது: மலேரியா, காலரா, கொக்கிப்புழு. இலங்கைத் தோட்டங்களில் ராக்ஃபெல்லர் அறக்கட்டளை 1916-ல் கொக்கிப்புழு ஒழிப்பைத் தொடங்கியபோது, புழு போனால் வேலைத்திறன் கூடும் என்பதுதான் துரைமாரை இணங்கவைத்த வாதம். ஈறுநோய் அந்தக் கணக்கில் வராது. அது வலியில்லாமல் இருபது வருஷம் எலும்பைத் தின்னும்; சீழ் கட்டி முகம் வீங்கும் ஒரு நாளில்தான் வேலையைக் கெடுக்கும். அந்த ஒரு நாளுக்கு ஒரு குறடு போதும்.

குறட்டுக்கு விஞ்ஞானத்தின் ஆசியும் கிடைத்தது. 1910-ல் வில்லியம் ஹண்டர் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் கனடாவின் மான்ட்ரியாலில் ஆற்றிய உரையில், வாயில் தங்கும் சீழே உடம்பின் பல நோய்களுக்கு ஊற்று என்றார். அதன் பின் முப்பது ஆண்டுகளுக்கு மேற்கு நாடுகளில் மூட்டுவலிக்கும் ரத்தசோகைக்கும்கூடப் பல்வரிசைகளைக் கூண்டோடு பிடுங்கினார்கள். நம் பக்கம் பல்பொடி விளம்பரங்கள் ஈறில் சீழ் வைக்கும் நோய்க்கான ‘பயோரியா’ என்ற சொல்லைப் பட்டிதொட்டியெல்லாம் கொண்டுபோயின. பிடுங்குவது ஏழைக்கு விதித்த மட்டமான வைத்தியம் என்று மட்டும் சொன்னால் வரலாற்றுக்கு நியாயம் செய்ததாகாது. பணக்காரனுக்கும் அன்று அதுதான் கிடைத்தது. வித்தியாசம் பிறகு வந்தது. மேற்கில் அந்தக் கொள்கை சரிந்து, காப்பாற்றும் வைத்தியம் வளர்ந்தது. மலையில் குறடு மட்டும் தங்கிவிட்டது.

ஹரால்ட் லோ என்ற நார்வேக்காரர் 1965-ல் டென்மார்க்கில் ஓர் எளிய சோதனை செய்தார். ஈறு நன்றாக இருந்த 12 பேரைப் பல் தேய்க்காமல் இருக்கச் சொன்னார், மூன்று வாரத்துக்குள் எல்லோருக்கும் ஈறு வீங்கிச் சிவந்தது, தேய்த்ததும் ஆறியது. ஈறு வீக்கத்துக்குப் பல்லில் படியும் அழுக்கே காரணம் என்பது உறுதியானது. அந்த வீக்கத்தை வருஷக்கணக்கில் விட்டால் என்ன ஆகும்? ஒழுங்காகப் பல் வைத்தியம் பெறும் ஆஸ்லோ நகரத்து ஆண்களை 1969 முதலும், பல் வைத்தியமே காணாத 480 ஆண் தொழிலாளர்களை இலங்கையில் 1970 முதலும் அவர் குழு பரிசோதிக்கத் தொடங்கியது. இலங்கையில் தேர்ந்த இடம் பூண்டுலோயாவின் டன்சினன், ஹெரோ தேயிலைத் தோட்டங்கள். 1985 வரை அதே ஆட்களைத் தேடித்தேடி ஈறின் இறக்கத்தை மில்லிமீட்டரில் அளந்தார்கள். கடைசியில் அகப்பட்டவர்கள் 161 பேர். சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி பலர் இந்தியாவுக்குக் கிளம்பியதும், தோட்டங்கள் அரசுடைமையானதும், 1983 கலவரமும் இடையில் நடந்ததை நினைத்தால் அத்தனை பேர் அகப்பட்டதே பெரிது.

1986-ல் வெளியான முடிவு பலரும் எதிர்பாராதது. எல்லார் பல்லிலும் அழுக்கு, அது இறுகிய காரை. ஏறக்குறைய எல்லார் ஈறும் வீங்கியது. ஆனாலும் 8 சதவீதம் பேருக்குத்தான் நோய் விரைந்து பரவியது. அவர்களுக்கு 35 வயதில் சராசரி 12 பற்கள் போயிருந்தன, 40-ல் 20, 45-ல் வாயே காலி. 81 சதவீதம் பேருக்கு நோய் மெல்ல நடந்தது. 45 வயதில் அவர்கள் இழந்தது சராசரி 7 பற்கள். மிச்சம் 11 சதவீதம் பேருக்கு ஈறு வீங்கியதே தவிர எலும்பு கரையவில்லை. பல்லும் பெரும்பாலும் போகவில்லை. வைத்தியமே இல்லாமல் விட்டால்கூடப் பத்தில் ஒன்பது பேர் நாற்பத்தைந்து வயதில் பெரும்பாலான பற்களோடு இருப்பார்கள் என்பது இதன் பொருள். ஆடும் பல்லைக் கண்டதும் ‘இனி வாய் பூராவும் போய்விடும்’ என்று எல்லாவற்றையும் எடுப்பது, எட்டுப் பேரின் கதியை நூறு பேர் தலையிலும் எழுதுவது.

அந்த எட்டுப் பேரை மற்றவர்களிலிருந்து பிரித்தறிவதுதான் இன்று முற்றிய ஈறுநோய்க்குத் திட்டமிடுவதில் முதல் வேலை. 2018-ல் வெளியான சர்வதேச வகைப்பாடு நோய்க்கு இரண்டு அளவுகோல் வைத்தது: எவ்வளவு சேதம் என்பதற்கு நான்கு நிலைகள், எவ்வளவு வேகம் என்பதற்கு மூன்று தரங்கள். ஐந்து ஆண்டில் ஈறு 2 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ இறங்கினால் அது விரைந்த தரம். சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவரும், நாளுக்குப் பத்து சிகரெட்டோ அதற்கு மேலோ பிடிப்பவரும் அதே தரத்தில் சேர்வார்கள். இந்த மூன்று தரங்களில் பூண்டுலோயாவின் மூன்று குழுக்களின் சாயலைக் காணாமல் இருக்க முடியாது. தரம் தெரிந்தபின் சிகிச்சை படிப்படியாகப் போகும்: முதலில் புகையிலையை நிறுத்துவது, சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பது, பிறகு ஈறுக்கு அடியில் காரை எடுப்பது, சில வாரம் கழித்து மறுபடி அளப்பது, ஆறாத இடத்தில் மட்டும் அறுவை. ‘இந்தப் பல் தேறாது’ என்ற தீர்ப்பைப் பெரும்பாலும் மறு அளவுக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம். இது பேராசை இல்லை என்பதற்கு ஸ்வீடனின் கோத்தன்பர்க் சாட்சி. லிண்டே, நீமன் என்ற ஆய்வாளர்கள் அங்கே முற்றிய நோயாளிகள் 75 பேருக்குச் சிகிச்சை தந்து, சில மாதத்துக்கு ஒருமுறை வரவழைத்துச் சுத்தம் செய்தார்கள். 14 ஆண்டு கழித்துப் பார்க்கக் கிடைத்த 61 பேரில் பெரும்பாலோருக்கு நோய் திரும்பவில்லை, போன பற்கள் மிகச் சில. அமெரிக்காவில் சராசரி 22 ஆண்டு பின்தொடர்ந்த 600 நோயாளிகளில் 83 சதவீதம் பேர் நன்றாக நிலைத்தார்கள், கடகடவென்று சரிந்தவர்கள் 4 சதவீதமே என்று ஹிர்ஷ்ஃபெல்டும் வாசர்மனும் 1978-ல் எழுதினார்கள்.

மறுப்புகள் உண்டு. வெற்றிலையும் புகையிலையும் போடும் தோட்டத்து வாயை வைத்து எப்படிப் பொதுவிதி சொல்வது என்பார்கள். வெற்றிலை பெரும்பாலோருக்கும் பொதுவான பழக்கம். பொதுவாக இருப்பது ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாட்டை விளக்காது. புகையிலை வேகத்தைக் கூட்டும் என்பது மெய், அதனால்தான் சிகிச்சை அதிலிருந்து தொடங்குகிறது. ‘கிளீன் பண்ணினால் பல் ஆடும்’ என்பது இன்னொரு மறுப்பு, அதில் ஒரு கவனிப்பு இருக்கிறது. எலும்பு கரைந்த பல்லைக் காரைதான் பக்கத்துப் பல்லோடு ஒட்டிப் பிடித்திருக்கும். எடுத்ததும் ஏற்கெனவே இருந்த ஆட்டம் தெரியும். அதை முன்கூட்டிச் சொல்லாத மருத்துவர்தான் இந்த நம்பிக்கைக்குத் தீனி போட்டார். மூன்றாவது மறுப்பு கனமானது: பதினைந்து ஆண்டு அளந்தவர்கள் வைத்தியம் செய்யாமல் பார்த்துக்கொண்டிருந்தது சரியா? அன்று அங்கே வேறு வைத்தியர் யாரும் இல்லை, அவர்கள் எதையும் பறிக்கவில்லை என்று பதில் சொல்லலாம். அந்தப் பதில் எனக்குப் பாதி வழிதான் வருகிறது. பல் தேய்த்தால் ஈறு ஆறும் என்பதை 1965-லேயே காட்டியவர் லோதான். 2010-ல் மறுபடி ஒரு குழு போய்த் தேடியபோது மூலக் குழுவில் 75 பேர் கிடைத்தார்கள். முப்பது வயதில் ஈறின் இறக்கம் சராசரி 1.81 மில்லிமீட்டருக்குள் இருந்தவர்களே அறுபதில் இருபது பற்களாவது வைத்திருக்க வாய்ப்புள்ளவர்கள் என்ற கணக்கு அந்தத் தேடலில் பிறந்தது. முப்பதில் ஒரு முறை அளந்தால் அறுபதை ஓரளவு ஊகித்துவிடலாம். அதை முப்பதிலேயே அந்த மனிதர்களிடம் சொல்ல யாரும் இல்லை.

இவ்வளவும் மலைத்தொழிலாளிக்குக் கட்டுப்படியாகுமா என்பதுதான் நடைமுறைக் கேள்வி. அறுவையும் செயற்கை வேரும் கட்டாது, சரி. ஆனால் சான்றின்படி பெரும்பாலோருக்கு அவை தேவையே இல்லை. தேவை மூன்று மாதத்துக்கு ஒருமுறை காரை எடுப்பதும், ஆண்டுக்கு ஒருமுறை அளந்து எழுதிவைப்பதும். செலவு கருவியில் இல்லை, நடையில் இருக்கிறது. எஸ்டேட்டிலிருந்து தேனிக்கோ கோட்டயத்துக்கோ போய்த் திரும்பினால் ஒரு நாள் கூலி போகும். 2015-ல் மூணாறு பெண்கள் பெம்பிளை ஒருமை என்று தெருவில் இறங்கியபோது அந்தக் கூலி 232 ரூபாய். போராட்டத்துக்குப் பின் 301. 1951-ம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் மருத்துவ வசதியை முதலாளியின் கடமையாக்கி, அதன் அளவை மாநில அரசின் விதிக்கு விட்டது. தோட்ட ஆஸ்பத்திரியிலேயே காரை எடுக்கப் பயிற்சி பெற்ற ஓர் ஆளும் ஓர் அளவுகோலும் ஒரு பதிவேடும் வைப்பது, ஆண்டு முழுக்கப் பிடுங்கிப் பல் செட் கட்டுவதைவிட மலிவு. அந்தப் பதிவேட்டில் முதலில் எழுத வேண்டியது பெண்களின் பெயர்களை. லோவின் 480 பேரும் ஆண்கள். கொழுந்து பறிப்பவர்களோ பெரும்பாலும் பெண்கள், கர்ப்ப காலத்தில் ஈறு வீக்கம் கூடும் என்று 1963-லேயே சில்னஸ் என்பவரோடு சேர்ந்து எழுதியவரும் அதே லோதான்.