தாத்தாவோட மெடல் லிஸ்ட்ல ஒண்ணு குறையுதா? ராணுவ ஆவணத்தைத் திருத்த வழி இருக்கு!

தென்காசி, குற்றாலம், செங்கோட்டை வட்டாரத்தில் 'மிலிட்டரிக்காரர் வீடு' என்று கேட்டாலே வழி சொல்லிவிடுவார்கள். அந்த வீடுகளின் பரண்மேல் ஒரு இரும்பு டிரங்குப் பெட்டி இருக்கும். உள்ளே மஞ்சளடித்துப்போன டிஸ்சார்ஜ் புக், குரூப் போட்டோ, ரிப்பன் நிறம் மங்கிய இரண்டு மூன்று மெடல்கள். "இன்னொண்ணும் வரணும்டா, வரவே இல்ல" என்று தாத்தா சொல்வார். நாமும் கேட்டுவிட்டு, போனைப் பார்க்கப் போய்விடுவோம்.

அந்த 'இன்னொண்ணு' பெரும்பாலும் கற்பனை இல்லை. போரில் இருந்தும் பதக்கம் கைக்கு வராமலே ஓய்வுபெற்றவர்கள் உண்டு. பதக்கம் வந்தும் ஆவணத்தில் ஏறாமல் போனவர்களும் உண்டு. இரண்டையும் சரிசெய்ய முறையான வழி இருக்கிறது. ஆனால், நேரம் அதிகமில்லை. 1971 போரில் 20 வயதில் இருந்தவருக்கு இன்று 75-ஐ ஒட்டிய வயது. எந்த யூனிட், எந்த மாதம், எந்த இடம் என்று அவர் வாயால் சொல்லக் கேட்க முடிவது இப்போதுதான்.

முதலில், எந்த வகை மெடல்?

'அமரன்' பார்த்தவர்களுக்கு மேஜர் முகுந்த் வரதராஜனின் அசோக சக்ரா நினைவிருக்கும். அது வீரதீர விருது. பரம்வீர் சக்ரா, மகாவீர் சக்ரா, வீர் சக்ரா, கீர்த்தி சக்ரா, சௌர்யா சக்ரா, சேனா மெடல் எல்லாம் இந்த வகை. கமாண்டர் பரிந்துரைக்க வேண்டும்; அரசிதழில் பெயர் வர வேண்டும். பாதுகாப்பு அமைச்சகத்தின் வீரதீர விருதுகளுக்கான இணையதளத்தில் பெயர் போட்டுத் தேடவும் முடியும். இதில் பெயர் விடுபட்டுப்போவது அபூர்வம்.

நம் டிரங்குப் பெட்டியில் குறைவது பெரும்பாலும் இரண்டாவது வகை. குறிப்பிட்ட காலத்தில், குறிப்பிட்ட இடத்தில் பணியில் இருந்த எல்லோருக்கும் உரிய சேவைப் பதக்கங்கள். தாத்தா எப்போது, எங்கே இருந்தார் என்பதை வைத்து இப்படிச் சரிபார்க்கலாம்.

* 1947-48 காஷ்மீர்: ஜெனரல் சர்வீஸ் மெடல் 1947. அதன் ரிப்பனில் 'ஜம்மு அண்ட் காஷ்மீர்' என்ற உலோகப் பட்டை, அதாவது கிளாஸ்ப் இருக்கும்.
* 1965 போர்: சமர் சேவா ஸ்டார், ரக்‌ஷா மெடல்.
* 1971 போர்: கிழக்கு முனைக்கு பூர்வி ஸ்டார், மேற்கு முனைக்கு பஸ்சிமி ஸ்டார், இவை தவிர சங்க்ராம் மெடல்.
* 1987-90 இலங்கையில் அமைதிப்படை: ஸ்பெஷல் சர்வீஸ் மெடல், ஸ்ரீலங்கா கிளாஸ்ப்புடன்.
* 1999 கார்கில்: ஆப்பரேஷன் விஜய் ஸ்டார், ஆப்பரேஷன் விஜய் மெடல்.
* 2001-02 எல்லைக் குவிப்பு: ஆப்பரேஷன் பராக்ரம் மெடல்.
* கடினமான எல்லைப் பகுதிகளில் பணி: சைன்ய சேவா மெடல். சியாச்சின் பனிமலை என்றால் சியாச்சின் கிளேசியர் மெடல்.
* சர்வீஸ் வருடங்களுக்கு: 9, 20, 30 வருட லாங் சர்வீஸ் மெடல்கள்.

ரொம்ப சுலபமான செக் ஒன்று உண்டு. 1972 ஆகஸ்ட் 15 அன்று தாத்தா பணியில் இருந்தாரா? அப்படியென்றால் சுதந்திர தின 25-ம் ஆண்டு மெடல் லிஸ்ட்டில் இருக்க வேண்டும். 1997 ஆகஸ்ட் 15 அன்று இருந்தவருக்கு 50-ம் ஆண்டு மெடல். போருக்கே போகாதவருக்கும் இவை உண்டு.

உலோகம் முக்கியமில்லை, ஒரு வரி முக்கியம்

ராணுவத்தில் ஒருவர் மெடலுக்குத் தகுதியானதும் அவருடைய யூனிட் அதைக் கோரி எழுதும். ரெக்கார்ட் ஆபீஸ் சரிபார்க்கும். பிறகு 'பார்ட் டூ ஆர்டர்' என்ற உத்தரவில் அது ஒரு வரியாக வெளியாகும். அந்த வரி வீரரின் 'ஷீட் ரோல்' என்ற பணி ஆவணத்தில் ஏறும். ஓய்வின்போது அதைப் பார்த்துத்தான் டிஸ்சார்ஜ் புக்கின் மெடல் பகுதியை நிரப்புவார்கள்.

இந்தச் சங்கிலி எங்கே அறுந்தது என்று கண்டுபிடிப்பதுதான் மொத்த வேலையும். நான்கு வாய்ப்புகள்:

1. பார்ட் டூ ஆர்டர் இருக்கிறது, மெடல் மட்டும் கைக்கு வரவில்லை. வழங்கச் சொல்லிக் கேட்டால் போதும்.
2. ஷீட் ரோலில் இருக்கிறது, டிஸ்சார்ஜ் புக்கில் இல்லை. தாத்தா ஊர் திரும்பிய பிறகு உத்தரவு வந்திருக்கலாம். புத்தகத்தில் பதிவு சேர்க்கக் கேட்க வேண்டும்.
3. எங்குமே பதிவில்லை. அவர் அங்கே இருந்தார் என்று ஆதாரம் காட்ட வேண்டும். கஷ்டமான வகை இதுதான்.
4. மெடல் வந்தது, தொலைந்துபோனது. இது ஆவணத் திருத்தமே இல்லை. மாற்று மெடல் கேட்கும் விண்ணப்பம். காவல் நிலையத்தில் புகார் கொடுத்து நகலைக் கையில் வைத்துக்கொள்வது நல்லது.

கடையில் மெடல் வாங்கி மாட்டிக்கொள்ளலாமே என்று தோன்றலாம். பணியில் இருப்பவர்களே அணிவகுப்புக்கு நகல் மெடல் வாங்கி அணிவதுண்டு. ஆனால், ஆவணத்தில் அந்த வரி இல்லாமல் நெஞ்சில் மாட்டும் மெடலுக்கு மதிப்பு இல்லை.

பெட்டியைத் திறந்து என்னென்ன எடுக்கணும்?

டிஸ்சார்ஜ் புக்கின் எல்லாப் பக்கங்களும், காலிப் பக்கம் உட்பட. பென்ஷன் பேமென்ட் ஆர்டர், முன்னாள் படைவீரர் அடையாள அட்டை. எல்லாவற்றையும் போனிலேயே ஸ்கேன் செய்துவிடுங்கள். பழைய தாளை லேமினேட் செய்யாதீர்கள். பிறகு அதைப் பிரிக்கவே முடியாது. ஒரிஜினலைத் தபாலில் அனுப்பவே அனுப்பாதீர்கள்.

ஆர்மி நம்பரை அதன் கடைசியில் உள்ள எழுத்தோடு சேர்த்து எழுதுங்கள். பெயரை ஆவணத்தில் உள்ள ஆங்கில ஸ்பெல்லிங்கிலேயே எழுதுங்கள். சுப்பிரமணியன் என்ற ஒரு பெயரையே ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதுகிறோம்! இனிஷியலை விரித்து அப்பா பெயரைச் சேர்த்திருந்தால் அதையும் அப்படியே எழுதணும்.

பெயர்க் குழப்பம் சின்ன விஷயமில்லை. கார்கில் போரில் டைகர் ஹில்லில் சண்டையிட்ட யோகேந்திர சிங் யாதவுக்கு, இறந்தவர் என்று நினைத்துத்தான் முதலில் பரம்வீர் சக்ரா அறிவித்தார்கள். அவர் மருத்துவமனையில் உயிரோடு இருந்தார். உயிரிழந்தவர் அதே பெயர் கொண்ட இன்னொரு வீரர்.

நம்ம ஊருக்கென்றே ஒரு சிக்கலும் இருக்கிறது. தென்காசி தனி மாவட்டமானது 2019 நவம்பர் 22-ல்தான். அதற்கு முன் சேர்ந்தவரின் ஆவணத்தில் திருநெல்வேலி என்றோ, 1986-க்குப் பிறகு சில வருடங்கள் இருந்த நெல்லை கட்டபொம்மன் என்றோ இருக்கும். செங்கோட்டைக்காரர் 1956 நவம்பர் 1-க்கு முன்பே சேர்ந்திருந்தால் மாநிலமே வேறு; அப்போது அது திருவிதாங்கூர்-கொச்சி. குற்றாலத்தின் ஆங்கில ஸ்பெல்லிங் மாறினால் மயிலாடுதுறை பக்கத்துக் குத்தாலமாகவும் அது படிக்கப்படலாம். அதனால் ஆதாரில் உள்ள முகவரியும் ஆவணத்தில் உள்ள முகவரியும் ஒரே ஊர்தான் என்று கடிதத்தில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

தாத்தாவைப் பேச விடுங்க

வாய்ஸ் ரெக்கார்டரை ஆன் செய்துவிட்டுக் கேளுங்கள். எந்த ரெஜிமென்ட், எந்த பட்டாலியன்? போர் ஆரம்பித்தபோது எங்கே இருந்தீங்க? எந்த ஸ்டேஷனில் ரயில் ஏறினீங்க? ஆஸ்பத்திரியில் படுத்தீங்களா? சி.ஓ. பெயர் என்ன?

ஆச்சியிடம் பழைய கடிதங்கள் இருக்கிறதா என்றும் கேளுங்கள். ராணுவ முகவரியில் ஊர்ப் பெயர் இருக்காது. '56 ஏ.பி.ஓ.' அல்லது '99 ஏ.பி.ஓ.' என்றுதான் இருக்கும். 99 என்றால் கிழக்குப் பகுதி. உறையில் உள்ள தேதியும் யூனிட் பெயரும் சேர்ந்தால் அது ஒரு நல்ல துணை ஆதாரம். குரூப் போட்டோவின் பின்பக்கத்தையும் திருப்பிப் பாருங்கள்.

யாருக்கு எழுதணும்?

ராணுவத்துக்கு ஒரே ஒரு ரெக்கார்ட் ஆபீஸ் இல்லை. பிரிவுக்கு ஒன்று.

* மெட்ராஸ் ரெஜிமென்ட்: வெலிங்டன், நீலகிரி
* மெட்ராஸ் இன்ஜினீயர் குரூப்: பெங்களூரு
* சிக்னல்ஸ்: ஜபல்பூர்
* ஆர்ட்டிலரி: நாசிக் ரோடு
* இ.எம்.இ.: செகந்திராபாத்
* மெடிக்கல் கோர்: லக்னோ
* விமானப்படை: சுப்ரோதோ பார்க், டெல்லி
* கடற்படை மாலுமிகள்: மான்குர்ட், மும்பை

கடிதத்தை மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் வழியாக அனுப்புவது நல்லது. அவர்களுக்கு இந்த ஆபீஸ்களுடன் தினசரி கடிதப் போக்குவரத்து உண்டு. தென்காசிக்காரர்களின் பழைய பதிவு திருநெல்வேலி அலுவலகத்தில் இருக்கலாம், அதையும் விசாரியுங்கள். ஒரு நகலை நீங்களே ஸ்பீடு போஸ்ட்டில் ரெக்கார்ட் ஆபீஸுக்கு அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

கடிதம் ஆங்கிலத்தில், ஒரே பக்கத்தில் இருக்கட்டும். தாத்தா தேசத்துக்காகப் பட்ட கஷ்டத்தையெல்லாம் அதில் எழுத வேண்டாம். கேட்க வேண்டியது மூன்றுதான்: ஷீட் ரோலில் என்னென்ன மெடல்கள் பதிவாகியுள்ளன, ஒவ்வொன்றின் பார்ட் டூ ஆர்டர் எண்ணும் தேதியும் என்ன? இந்தக் காலத்தில் இந்த யூனிட்டில் இருந்ததால் இன்ன மெடலுக்குத் தகுதி உண்டா? உண்டென்றால் பதிவு செய்து டிஸ்சார்ஜ் புக்கிலும் சேர்க்க முடியுமா?

தாத்தா உயிரோடு இருந்தால் அவரே கையெழுத்துப் போடட்டும். காலமாகியிருந்தால் ஆச்சியோ வாரிசோ எழுதலாம். இறப்புச் சான்றிதழும் வாரிசுச் சான்றிதழும் இணைக்க வேண்டும்.

பதில் வரலைன்னா?

தகவல் அறியும் உரிமைச் சட்டம் ராணுவத்துக்கும் பொருந்தும். கட்டணம் 10 ரூபாய். மத்திய அரசின் ஆர்.டி.ஐ. இணையதளத்தில் போனிலிருந்தே விண்ணப்பிக்கலாம். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் முதல் மேல்முறையீடு. ஷீட் ரோலின் நகலைக் கேளுங்கள். ஆர்.டி.ஐ. இருப்பதைக் காட்டித் தருவதற்கு மட்டும்தான். இல்லாததைச் சேர்க்கச் சொல்லும் வேலை கடிதத்துக்கு.

"ஆவணம் அழிக்கப்பட்டுவிட்டது" என்று பதில் வந்தால் அதிர்ச்சியாக வேண்டாம். பென்ஷன் இல்லாமல் விலகியவர்களின் ஷீட் ரோலை 25 வருடங்களுக்குப் பிறகு அழித்துவிடுவது ராணுவ விதிமுறை. 'லாங் ரோல்' என்ற பதிவேட்டில் அடிப்படை விவரங்கள் மட்டும் இருக்கும். அதன் நகலைக் கேளுங்கள். அந்த நிலையில் வீட்டில் இருக்கும் டிஸ்சார்ஜ் புக்தான் முதன்மை ஆதாரம்.

இந்தப் பிரச்னை நமக்கு மட்டுமில்லை. 1973 ஜூலை 12-ல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் ஆவண மையத்தில் தீப்பிடித்து, 1.6 கோடி முதல் 1.8 கோடி வரையிலான வீரர்களின் கோப்புகள் எரிந்தன. அங்கே சம்பளப் பட்டியல், மருத்துவமனைக் குறிப்பு என்று சுற்றியுள்ள தாள்களை வைத்துத்தான் சேவை விவரங்களை மீட்டெடுக்கிறார்கள். நாமும் அப்படித்தான் சேர்க்க வேண்டும்.

கடைசிப் படி

ஆதாரம் இருந்தும் ரெக்கார்ட் ஆபீஸ் மறுத்தால் ஆயுதப்படைத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். நமக்குச் சென்னை அமர்வு. இறுதி மறுப்புக் கடிதம் வந்து 6 மாதத்துக்குள் மனு போடணும்; தாமதத்துக்குச் சரியான காரணம் இருந்தால் தீர்ப்பாயம் ஏற்கலாம். கார்கிலில் 70-வது காலாட்படை பிரிகேடுக்குத் தலைமை தாங்கிய பிரிகேடியர் தேவிந்தர் சிங் இந்த வழியில்தான் போனார். அவருடைய போர்க்களப் பணி சரியாகப் பதிவாகவில்லை என்று 2010-ல் தீர்ப்பாயம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. பதிவு என்பது கல்வெட்டு இல்லை.

அதேநேரம், "தாத்தாவுக்கு வீர் சக்ரா கொடுத்திருக்கணும்" என்பது திருத்தம் அல்ல, புது விருதுக்கான கோரிக்கை. பரிந்துரையே இல்லாத விருதை ரெக்கார்ட் ஆபீஸ் சேர்க்க முடியாது.

பணம் வருமா?

வீரதீர விருதுகளுக்கு மாதப் படி உண்டு. 2017-ல் உயர்த்தியபடி பரம்வீர் சக்ராவுக்கு 20,000 ரூபாய், வீரத்துக்கான சேனா மெடலுக்கு 2,000 ரூபாய். சேவைப் பதக்கங்களுக்குப் படி கிடையாது. அதனால், "மெடல் அரியர்ஸ் வாங்கித் தர்றேன், ஓடிபி சொல்லுங்க" என்று யார் போன் செய்தாலும் கட் பண்ணிடுங்க.

கிடைக்கப்போவது ஒரு வட்ட உலோகமும், டிஸ்சார்ஜ் புக்கில் ஒரு வரியும்தான். ஆனால், 'நான் அங்கே இருந்தேன்' என்று ஐம்பது வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கும் மனிதருக்கு, 'ஆமாம், இருந்தீர்கள்' என்று அரசு எழுத்தில் சொல்லும் பதில் அது. கார்கில் வெற்றி தினமான ஜூலை 26-ம் சுதந்திர தினமும் குற்றாலச் சீசனை ஒட்டியே வருகின்றன. அருவியில் குளிக்க ஊருக்குப் போகிறவர்கள் அரை நாள் ஒதுக்கி டிஸ்சார்ஜ் புக்கைப் போட்டோ எடுங்கள், தாத்தா பேசுவதை ரெக்கார்ட் செய்யுங்கள், கடிதத்தில் அவரிடம் கையெழுத்து வாங்குங்கள். மிச்ச வேலையைப் போனிலும் போஸ்ட் ஆபீஸிலும் முடித்துக்கொள்ளலாம்.