கழுவக் கொடுத்த படங்கள்

ஃபிலிம் ரோல் புழக்கத்திலிருந்த காலத்தில் தமிழ்நாட்டில் படத்தை 'டெவலப்' செய்யக் கொடுத்தவர்கள் குறைவு, 'கழுவ'த்தான் கொடுத்தார்கள். கல்யாண வீட்டு ரோலாயினும் பள்ளி ஆண்டுவிழா ரோலாயினும், "கழுவியாச்சா?" என்பதே ஸ்டுடியோ வாசலில் ஒலித்த கேள்வி. ஆங்கிலச் சொல், உள்ளே மறைந்திருந்த ஒன்று மெல்ல விரிந்து வெளிப்படுவதைச் சுட்டுகிறது. தமிழ்ச் சொல் கையையும் தண்ணீரையும் சுட்டுகிறது. இதைப் பாமர வழக்கு என்று நகைப்பவர்கள் உண்டு. எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. புகைப்படக் கலையின் தொடக்க கால வரலாற்றை ஊன்றிப் படிப்பவர்களுக்கு, படம் எடுப்பதில் பட்ட பாட்டுக்குச் சற்றும் குறையாத பாட்டை, எடுத்த படத்தைக் கழுவுவதில் அந்தத் தலைமுறை பட்டது தெரியவரும்.

புகைப்பட வரலாறு என்று நம் கைக்குக் கிடைப்பவை பெரும்பாலும் காமிராவின் வரலாறுகள். அடுத்தபடியாக மேதைகளின் வரலாறுகள். ஈரத் தாளைத் தூக்கிய இடுக்கி, அதைக் கிடத்திய தட்டு, ஊறப்போட்ட தொட்டி, உலர்த்திய கொடி ஆகியவற்றுக்கு அந்நூல்களில் பின்னிணைப்பில்கூட இடம் அரிது. ஆனால் ஒரு படம் பத்து ஆண்டு வாழுமா, நூற்றைம்பது ஆண்டு வாழுமா என்பதைத் தீர்மானித்தவை இவையே.

காரணம் மிக எளியது. வெள்ளி உப்பு பூசிய தாளில் ஒளி பட்ட இடம் கறுக்கிறது. ஒளி படாத இடத்து உப்பை அகற்றாவிட்டால் அதுவும் நாளடைவில் கறுத்துப்போகும். அதைக் கரைத்து நீக்கும் பொருளை ஜான் ஹெர்ஷல் 1819-ஆம் ஆண்டிலேயே கண்டறிந்திருந்தார். 1839-இல் புகைப்படம் பற்றிய செய்தி பரவியதும் அவர் அதைப் படங்களை நிலைப்படுத்தப் பயன்படுத்தினார். அன்று அதற்கு இட்ட பெயர் சோடா ஹைப்போசல்ஃபைட். வேதியியலார் பின்னர் தயோசல்ஃபேட் என்று திருத்திக்கொண்டார்கள், இருட்டறைக்காரர்கள் திருத்திக்கொள்ளவில்லை. லண்டனிலும் சரி, திருநெல்வேலியிலும் சரி, அது ஹைப்போவாகவே நிலைத்துவிட்டது.

படத்தைக் காக்கும் இந்த ஹைப்போவே படத்தைக் கொல்லவும் வல்லது. தாளின் இழைகளில் சிறிதளவு தங்கிவிட்டாலும் அது மெல்லச் சிதைந்து, அதிலுள்ள கந்தகம் வெள்ளியைப் பற்றிக்கொள்ளும். கறுப்பு பழுப்பாகும், பழுப்பு மஞ்சளாகும், பிறகு முகம் மறையும். செப்புத் தகடோ கண்ணாடியோ ஹைப்போவை உறிஞ்சுவதில்லை, தாள் உறிஞ்சுகிறது. ஆகவே கழுவும் சிக்கல் முழுக்க முழுக்கத் தாளின் சிக்கல்.

இச்சிக்கலில் முதலில் அடிபட்டவர் தாள் வழிப் புகைப்படத்தைக் கண்டளித்த வில்லியம் ஹென்றி ஃபாக்ஸ் டால்பட். அவரிடம் பணியாளராக இருந்த நிக்கோலாஸ் ஹென்னமன், இங்கிலாந்தின் ரெடிங் நகரில் 1840-களின் நடுப்பகுதியில் ஓர் அச்சுக்கூடம் நடத்தினார். 'தி பென்சில் ஆஃப் நேச்சர்' என்ற டால்பட்டின் நூல் 1844 முதல் 1846 வரை ஆறு பகுதிகளாக, 24 படங்களுடன் வெளிவந்தது. ஒவ்வொரு பிரதியிலும் ஒட்டப்பட்டவை அசல் புகைப்படங்கள். ஒவ்வொன்றும் தனித்தனியே வெயிலில் அச்சிடப்பட்டு, தனித்தனியே கழுவப்பட்டது. 1846-இல் 'ஆர்ட் யூனியன்' என்ற இதழ் தன் வாசகர்களுக்கு ஆளுக்கொரு படம் வழங்க விரும்பியபோது, ஆயிரக்கணக்கான பிரதிகளை அவசரமாக அச்சிட வேண்டியதாயிற்று. அவற்றுள் பல வெகு விரைவில் வெளிறத் தொடங்கின. இதழ் வாங்கியவர்கள் கண்முன்னே புதிய கலையின் மானம் போயிற்று. பென்சில் நூலின் பிரதிகளிலும் பல இன்று மங்கிய நிலையில்தான் கிடைக்கின்றன.

அந்த ரெடிங் கூடத்தைக் காட்டும் படம் ஒன்று உண்டு. 1846 வாக்கில் இரண்டு துண்டுகளாக எடுத்து இணைக்கப்பட்டது. காமிராக்கள் நிற்கின்றன, ஓர் ஓவியத்தைப் படியெடுக்கிறார்கள், சிற்பம் ஒன்றைப் படமெடுக்கிறார்கள், வெயிலில் அச்சுச் சட்டங்கள் வரிசையாகச் சாய்ந்திருக்கின்றன. தொழில் முழுவதையும் காட்டுவதற்கென்றே ஆட்களை நிறுத்தி எடுத்த படம் அது. கழுவும் தொட்டி மட்டும் அதில் இல்லை. அது உள்ளே, இருட்டில், காட்டத் தகுதியற்ற வேலையாக இருந்திருக்க வேண்டும் என்பது என் ஊகம்.

வெளிறும் படங்கள் பெருகிப் புகார் முற்றவே, லண்டன் புகைப்படக் கழகம் 1855-இல் இதற்கென ஒரு குழுவை அமைத்தது. விக்டோரியா அரசியின் கணவர் ஆல்பர்ட் இளவரசர் ஆய்வுச் செலவுக்கு 50 பவுன் அளித்தார். அதே ஆண்டில் வெளிவந்த குழுவின் அறிக்கை, சரியாகக் கழுவாமல் தாளில் தங்கிய ஹைப்போவே முதன்மைக் குற்றவாளி என்றது. ஈரமும் நகரத்தின் நிலக்கரிப் புகையும் துணைக் குற்றவாளிகள்.

ஆனால் குழு அமையும் முன்னரே ஒருவர் விடையைக் கண்டு, செய்தும் காட்டிவிட்டார். பிரான்சின் லீல் நகருக்கு அருகே 1851-இல் அச்சுக்கூடம் தொடங்கிய பிளாங்கார் எவ்ரார், வேலையைக் கூறு கூறாகப் பிரித்து, பெரும்பாலும் உள்ளூர்ப் பெண்களை அமர்த்தி நடத்தினார். தாள் தயாரிப்பவர் ஒருவர், ஒளி காட்டுபவர் ஒருவர், கழுவுபவர் வேறொருவர். மாக்சிம் து காம் எகிப்திலும் பாலஸ்தீனத்திலும் எடுத்த 125 படங்களைக் கொண்ட நூல் 1852-இல் இங்குதான் அச்சாயிற்று. அப்படங்கள் பெரும்பாலும் இன்றும் உறுதியான சாம்பல் நிறத்தோடு நிற்கின்றன. நீரை மாற்றி மாற்றிக் கழுவிய பொறுமைக்கு இதில் பெரும் பங்குண்டு. து காமின் பெயரை அறிவோம். பிளாங்கார் எவ்ராரின் பெயரையும் அறிவோம். தொட்டிக்கு முன் நின்ற பெண்களின் பெயர்களை வரலாறு எழுதி வைக்கவில்லை.

நமக்கு அணுக்கமான சான்றும் ஒன்று இருக்கிறது. சென்னை மாகாணத்தின் அரசுப் புகைப்படக்காரராக 1856-இல் அமர்த்தப்பட்ட லின்னேயஸ் டிரைப், அதற்குமுன் பர்மாவில் எடுத்திருந்த படங்களைப் பெங்களூரில் உதவியாளர்களைக் கொண்டு அச்சிட்டார். 120 படங்கள், 50 தொகுதிகள். அதாவது ஆறாயிரம் ஈரத் தாள்கள். 1858-இல் தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டுகளை 21 துண்டுகளாக எடுத்து, ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே படமாக இணைத்தவரும் இவரே. தங்க உப்பில் நிறமேற்றியதும் கவனமாகப் பதப்படுத்தியதும் சேர்ந்து அவருடைய படங்களைக் காத்தன. செலவு மிகுதி என்று ஆளுநர் டிரெவெல்யன் அந்தப் பணியை முடித்துவைத்தார் என்பது வேறு கதை. கல்வெட்டு படிக்கிற நம்மவர்கள் அந்த 21 தாள்களையும் கழுவிக் கொடியில் குத்திய கைகளையும் ஒருமுறை நினைத்துக்கொள்ளலாம்.

இனி அந்தக் கைகளுக்கு வருவோம். வெள்ளி நைட்ரேட் விரலில் பட்டால் கறுப்புக் கறை; சோப்புக்கு மசியாது. 19-ஆம் நூற்றாண்டுப் புகைப்படக்காரரை அவர் விரல்களைக் கொண்டே அடையாளம் காணலாம் என்பார்கள். அக்கறையைப் போக்கப் பொட்டாசியம் சயனைடு கட்டியை எடுத்து விரலில் தேய்த்தவர்களும் உண்டு; அந்நஞ்சினால் உயிரிழந்தவர்களும் உண்டு. 1890-களில் மெட்டால் என்ற டெவலப்பர் பரவியபோது கறை குறைந்தது, புண் வந்தது. சிலருக்கு அது விரலிடுக்குகளில் அரிப்பும் வெடிப்புமாகத் தொடங்கி, மீண்டும் அக்கரைசலைத் தொடவே முடியாத நிலையில் கொண்டுபோய் விட்டது. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இல்ஃபோர்டு நிறுவனம் ஃபெனிடோனைக் கொண்டுவந்த பிறகுதான் அப்படிப்பட்டவர்களுக்கு மாற்று வழி கிடைத்தது.

இடுக்கி இருட்டறைக்குள் நிலைபெற்ற பின்னணி இதுதான். அது வெறும் கைக்காப்பு மட்டுமன்று. வெயிலில் அச்சிடும் பழைய ஆல்புமன் தாளில் படம் வெயிலிலேயே தோன்றிவிடும். ஈர வேலை அதற்குப் பிறகுதான். ஜெலட்டின் தாள் வந்தபின் மங்கிய விளக்கில், டெவலப்பருக்குள்ளேயே படம் எழுந்தது. ஓரிரு நிமிடங்களில் எழுவதைச் சரியான கணத்தில் தூக்கி, மூலையைப் பிடித்து, பத்துப் பதினைந்து விநாடி நீர் வடியவிட்டு, அடுத்த தட்டில் அமிழ்த்த வேண்டும். ஊறிய ஜெலட்டின் பால் ஆடையைப் போல் மென்மையானது. நகம் பட்டால் கிழியும். மூங்கிலை வளைத்து நுனியில் ரப்பர் உறையிட்ட எளிய இடுக்கி இவ்வேலைக்கு அமைந்ததுபோல் வேறெதுவும் அமையவில்லை என்பது என் கருத்து. துருப்பிடிக்காத எஃகிலும் இடுக்கிகள் வந்தன. பார்வைக்கு நன்றாக இருந்தன, ஆனால் விளிம்பு தாளைக் கீறியது.

தட்டுக்கு ஓர் இடுக்கி என்பது விதி. டெவலப்பர் இடுக்கி ஹைப்போவைத் தொட்டுத் திரும்பினால் அடுத்த படத்தில் கறை விழும். இடுக்கி இல்லாதவர்கள் ஒரு கையை டெவலப்பருக்கும் மறு கையை ஹைப்போவுக்கும் ஒதுக்கினார்கள். இடக்கை, வலக்கை வேறுபாட்டை நம் ஊரில் விளக்கவேண்டியதில்லை.

தட்டுகளின் வரலாறு இதைவிடச் சுருக்கமானது. இரும்பும் செம்பும் கரைசலோடு வினைபுரியும். மண்பாண்டத்தின் மெருகு வெடித்தால் கரைசல் உள்ளிறங்கும். பீங்கான், கண்ணாடி, மலாய் நாட்டு மரப்பாலான கட்டாப்பர்ச்சா, எனாமல், எஃகு என்று சுற்றிக் கடைசியில் பிளாஸ்டிக்கில் வந்து நின்றது. அடியில் ஓடும் மேடான வரிகள் அழகுக்காக அமைந்தவை அல்ல. அவை இல்லாவிட்டால் ஈரத் தாள் தட்டோடு ஒட்டிக்கொள்ளும். இடுக்கி நுழைய வழியிராது.

கடினமான பகுதி கழுவும் தொட்டிதான். இருபது தாள்களை ஒரே தொட்டியில் போட்டால் அவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். மேலே எத்தனை குடம் நீர் ஓடினாலும் இடையில் உள்ள தாளுக்கு அது போய்ச் சேராது. சுழலும் உருளைகள் வந்தன. ஹைப்போ நீரினும் கனமானதாகையால் அடியில் தங்கும் என்று கருதி, அடிநீரை உறிஞ்சும் குழாய்கள் வந்தன. 1970-களில் பரவிய நிமிர்ந்த தொட்டி, தாள் ஒவ்வொன்றுக்கும் தனி அறை கொடுத்து இச்சிக்கலைத் தீர்த்தது. கழுவியது போதுமா என்று பார்க்கப் பொட்டாசியம் பர்மாங்கனேட் இருந்தது. தாளிலிருந்து வடியும் நீரை அதன் ஊதாக் கரைசலில் விட, நிறம் மாறினால் ஹைப்போ இன்னும் இருக்கிறது என்று பொருள்.

வெப்ப நாடுகளில் இன்னொரு இக்கட்டு. குழாய் நீர் 30 பாகையைத் தொடும் கோடையில் ஜெலட்டின் இளகிக் கொப்புளம் கட்டும். அதைத் தடுக்க ஹைப்போவில் படிகாரம் சேர்த்தார்கள். படிகாரம் ஜெலட்டினை இறுக்கியது. இறுகிய படலமோ ஹைப்போவை எளிதில் விடவில்லை. படத்தைக் கோடையிலிருந்து காத்தால் காலத்திடம் இழக்க நேரும். தண்ணீருக்குக் குடத்தோடு வரிசையில் நின்ற ஊர்களில், தாளுக்கு ஒரு மணி நேரம் ஓடும் நீர் என்ற புத்தக விதி எப்படிக் கடைப்பிடிக்கப்பட்டிருக்கும் என்பதை வாசகர்கள் ஊகித்துக்கொள்ளலாம். நம் வீட்டுப் பழைய படங்களில் பல பழுத்துக் கிடப்பதற்கு நீர்ப்பஞ்சமும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று நான் நினைப்பதுண்டு.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் நன்னீர் கிடைக்காத இடங்களுக்காகக் கடல்நீரில் கழுவும் ஆய்வுகள் நடந்தன. கோடாக் நிறுவனத்தின் ஈட்டன், கிராப்ட்ரீ இருவரும் 1943-இல் தங்கள் முடிவுகளை வெளியிட்டார்கள். உப்பு நீர் ஹைப்போவை நன்னீரைவிட விரைவாக வெளியேற்றியது. உப்பு தாளில் தங்காதிருக்க இறுதியில் மட்டும் நன்னீர் போதும். இந்தப் பட்டறிவின் வழியிலேயே கழுவும் நேரத்தைக் குறைக்கும் உப்புக் கரைசல்கள் கடைக்கு வந்தன.

உலர்த்துவதற்கும் கருவிகள் பெருகின. பளபளப்பு வேண்டுமானால் ஈரப் படத்தை மெருகேறிய தகட்டில் முகம் கவிழ்த்து, ரப்பர் உருளையால் நீரை ஓட்டி ஒட்டுவார்கள். நம் ஸ்டுடியோக்கள் 'கிளேசிங் மெஷின்' என்று அழைத்தது குரோமியத் தகடும் சூடேற்றியும் துணி விரிப்பும் கொண்ட இதைத்தான். காய்ந்த படம் 'படக்'கென்று தானாகவே கழன்று விழும். சரியாகக் கழுவாத ஒரு படத்தின் ஹைப்போ அந்தத் துணியில் ஏறிவிட்டால், அதன்பின் வரும் நல்ல படங்களுக்கும் அந்த நோய் தொற்றும்.

1970-களின் தொடக்கத்தில் இருபுறமும் பிளாஸ்டிக் படலமிட்ட கறுப்பு வெள்ளைத் தாள் பரவியதும் இக்கருவிகளுக்கு வேலை போயிற்று. தாளின் இழைக்குள் நீர் இறங்காததால் மூன்று நான்கு நிமிடக் கழுவல் போதும். கொடியில் மாட்டினால் தானே காயும். தொடக்க காலத் தாள்களில் சில, ஒளியில் வைத்தபோது வெடிப்பு விட்டன. பழைய இழைத்தாளை இன்றும் தயாரிக்கிறார்கள், அதற்கான நிமிர்ந்த தொட்டிகளையும் விற்கிறார்கள், வாங்குவோர் சிலரே.

பழைய கறுப்பு வெள்ளைப் படங்களைக் கையாள்பவர்கள் ஓரங்களை உற்றுப் பார்க்கட்டும். சில படங்களின் மூலையில் சிறு பழுப்புத் தடம் ஒன்று தென்படும். ஹைப்போ படிந்த விரலை யாரோ துடைக்க மறந்து, தாளை எடுத்திருக்கிறார். பெரும்பாலும் பெருவிரலாக இருக்கும். சிலவற்றில் ரேகைகூடத் தெரியும்.