முட்டையும் வெண்ணெயும் இல்லாத கேக்: ஒரு சிறு வரலாறு



பொன்விழா மலரில் பங்குத் தந்தை எழுதும் கட்டுரை என்றால், கோவில் கட்டிய வரலாறாகவோ பாதுகாவலரின் வரலாறாகவோ இருக்கும் என்று எதிர்பார்ப்பீர்கள். அவற்றை மலர்க் குழுவினர் வேறு பக்கங்களில் செவ்வனே எழுதியிருக்கிறார்கள். நாம் இங்கே கேக்கைப் பற்றி எழுதத் துணிந்திருக்கிறோம். சிரிக்க வேண்டாம், அதற்குக் காரணம் உண்டு.

சென்ற திருவருகைக் காலத்தின் கடைசி ஞாயிறன்று, பூசை முடிந்து பங்கு மக்களின் கிறிஸ்து பிறப்பு விழாச் சந்திப்புக்கு மேசைகள் போட்டுக்கொண்டிருந்தார்கள். அன்பியம் வாரியாகக் கேக்குகள் வந்து இறங்கின. அப்போது ஒரு தாய், எவர்சில்வர் டப்பா ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கியபடி நம்மிடம் வந்தார். "சாமி, இதுல முட்டையும் இல்ல, வெண்ணெயும் இல்ல. எம் மகனுக்கு முட்டை, பால் ரெண்டும் ஒத்துக்காது, டாக்டர் தொடவே கூடாதுன்னுட்டாரு. இத கேக்குன்னு சொல்லலாமான்னே தெரியல" என்றார். நாம் அவசரத்தில், "அதனாலென்ன அம்மா, பரவாயில்லை" என்று சொல்லி, டப்பாவை மேசையின் ஓரத்தில் வைக்கச் சொன்னோம்.

சந்திப்பு முடிந்தபோது மற்றக் கேக்குகளில் தூள்கூட மிஞ்சவில்லை. அந்த டப்பா மட்டும் வெட்டப்படாமலே இருந்தது. அந்தத் தாய் அதை மூடி எடுத்துக்கொண்டு, மகனைக் கையில் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போனதை நாம் பார்த்தோம். நாமும் ஒரு துண்டு எடுத்துச் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. "பரவாயில்லை" என்ற சொல், ஏதோ ஒரு குறையை மன்னித்து விடுபவர் சொல்லும் சொல். அதில் மன்னிக்க என்ன குறை இருந்தது? இந்தக் கேள்வி நம்மை விடவில்லை. குருமடத்தில் படித்த பழைய பாடங்களைப் புரட்டியும், வேறு நூல்களைத் தேடியும் அறிந்தவற்றை இங்கே தருகிறோம்.

நம் பங்கின் பெரியவர்கள் 'ஒருசந்தி', 'சுத்தபோசனம்' என்ற சொற்களை மறந்திருக்க மாட்டார்கள். இக்காலத்தில் சுத்தபோசனம் என்றால் இறைச்சியை விலக்குவது என்று மட்டும் அறிவோம். முற்காலத்து மேலைத் திருச்சபையிலோ ஒழுங்கு இன்னும் கடுமையாக இருந்தது. தவக்காலத்தில் இறைச்சி மட்டுமல்ல, முட்டை, பால், வெண்ணெய், பாலாடைக் கட்டி ஆகியவையும் விலக்கப்பட்டன. 13-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த புனித தோமா அக்குவினார் தமது இறையியல் தொகுப்பில் நோன்பைப் பற்றி எழுதும்போது, இறைச்சியோடு முட்டையும் பால் பொருள்களும் விலக்கப்படுவது தகுமா என்றே ஒரு தனிக் கேள்வி எழுப்பி, தகும் என்று விடை தருகிறார். தவக்காலம் தொடங்குமுன் வீட்டிலுள்ள முட்டையையும் வெண்ணெயையும் தீர்த்துவிடவே, திருநீற்றுப் புதனுக்கு முந்திய நாளில் தோசை போன்ற ஒரு பண்டம் செய்யும் வழக்கம் இங்கிலாந்தில் நிலைபெற்றது.

கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு முந்திய வாரங்களும் பல நாடுகளில் நோன்புக் காலமாகவே இருந்தன. ஜெர்மனியின் சாக்சனிப் பகுதியிலுள்ள டிரெஸ்டன் நகரின் 'ஸ்டோலன்' என்னும் பண்டத்தை இன்று உலகமே அறியும். துணியில் சுற்றிய குழந்தை இயேசுவின் வடிவம் அது என்பார்கள். 1474-ஆம் ஆண்டின் மருத்துவமனைக் கணக்கு ஒன்றில் அதன் பெயர் வருகிறது. இன்று அதில் வெண்ணெய் வழியும். உலர்ந்த திராட்சையும் வாதுமையும் நிறைந்திருக்கும். அன்றோ அது நோன்பு அப்பம். மாவு, ஈஸ்ட், தண்ணீர், சிறிது எண்ணெய், அவ்வளவே. ஒலிவ மரம் வளராத அந்தக் குளிர் நாட்டில் நல்ல எண்ணெய் கிடைப்பது அரிது. கிடைத்ததோ நாற்றமடிக்கும் விதை எண்ணெய். ஆகவே சாக்சனி ஆட்சியாளர்கள் உரோமைக்கு விண்ணப்பம் அனுப்பினார்கள். 1491-ஆம் ஆண்டு பாப்பரசர் எட்டாம் இன்னசென்ட் வெண்ணெய் சேர்த்துக்கொள்ள அனுமதி அளித்தார். 'வெண்ணெய்க் கடிதம்' என்று வரலாற்றில் பெயர் பெற்றது இதுவே.

இங்கே உண்மையை மறைக்காமல் சொல்ல வேண்டும். இத்தகைய சலுகைகள் பெரும்பாலும் காணிக்கையோடு இணைந்திருந்தன. பிரான்சு நாட்டின் ரூவான் நகரப் பேராலயத்தில் 'வெண்ணெய்க் கோபுரம்' என்றே ஒரு கோபுரம் இன்றும் நிற்கிறது. 15-ஆம் நூற்றாண்டின் இறுதியில் கட்டத் தொடங்கப்பட்ட அதற்கு, தவக்காலத்தில் வெண்ணெய் உண்ண அனுமதி பெற்றவர்கள் கொடுத்த பணம் உதவியது என்பதால் அப்பெயர். பணம் உள்ளவர் வெண்ணெய் உண்டார். இல்லாதவர் கெட்ட எண்ணெயோடு நோன்பு காத்தார். மார்ட்டின் லூத்தர் 1520-ஆம் ஆண்டு எழுதிய நூலில் இதைக் கடுமையாகக் கண்டித்தார். அந்தக் கண்டனத்தில் நியாயம் இருந்தது என்று ஒப்புக்கொள்வதால் நம் விசுவாசத்துக்கு எந்தப் பழுதும் வராது. நோன்பு ஏழையையும் செல்வரையும் ஒரே பந்தியில் உட்கார வைக்க வந்தது. அதையே அவர்களைப் பிரிக்கும் சுவராக மனிதர் ஆக்கிவிட்டார்கள்.

கீழைத் திருச்சபைகளில் பழைய ஒழுங்கு இன்றும் அழியவில்லை. கிரேக்க ஆர்த்தடாக்ஸ் மக்களிடையே புனித ஃபனூரியோஸ் என்பவருக்கு மிகுந்த பக்தி உண்டு. காணாமற்போன பொருளைக் கண்டுபிடித்துத் தரும்படி நாம் பதுவை நகர்ப் புனித அந்தோணியாரிடம் வேண்டுகிறோம் அல்லவா? அவர்கள் ஃபனூரியோசிடம் வேண்டுகிறார்கள். அவருடைய திருநாளான ஆகஸ்டு 27 அன்று வீடுதோறும் ஒரு கேக் செய்து கோவிலுக்குக் கொண்டுபோகிறார்கள். எண்ணெய், ஆரஞ்சுப் பழச்சாறு, மாவு, சர்க்கரை, பட்டை, வாதுமைக் கொட்டை, உலர்ந்த திராட்சை ஆகியவற்றால் ஆனது அது. முட்டையும் இல்லை, பாலும் இல்லை. குரு அதை மந்திரித்தபின், வந்திருப்பவர்கள் எல்லாருக்கும் துண்டு போட்டுக் கொடுக்கிறார்கள். செய்தவர் தாமே வைத்துக்கொள்வதற்கு அல்ல அந்தக் கேக்.

நோன்பு ஒரு காரணம் என்றால், அன்பு மற்றொரு காரணம். இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் மருந்துக் கடை வைத்திருந்தவர் ஆல்பிரட் பேர்டு. அவருடைய மனைவிக்கு முட்டையும் ஈஸ்டும் ஒத்துக்கொள்ளவில்லை. மனைவிக்காக அவர் 1837-ஆம் ஆண்டு முட்டையில்லாத கஸ்டர்டு பவுடரையும், 1843-ஆம் ஆண்டு ஈஸ்ட் இல்லாமலே மாவை உப்ப வைக்கும் பேக்கிங் பவுடரையும் உருவாக்கினார். நம் வீடுகளில் இன்று பயன்படும் பேக்கிங் பவுடரின் கதை, சாப்பாட்டு மேசையில் தன் மனைவி ஒதுங்கி உட்காரக் கூடாது என்று ஒரு கணவர் எண்ணியதில் தொடங்கியது.

மூன்றாவது காரணம் பிறர் பசி. 1917-ஆம் ஆண்டு மே மாதம், பாப்பரசர் பதினைந்தாம் ஆசீர்வாதப்பர் வெளியிட்ட திருச்சபைச் சட்டத் தொகுப்பு, சுத்தபோசன நாள்களிலும் முட்டையும் பால் பொருள்களும் உண்ணலாம் என்று தெளிவாக்கியது. ஆனால் அதே ஆண்டில்தான் போர் அவற்றை மக்களிடமிருந்து எடுத்துக்கொண்டது. 1917 ஏப்ரலில் அமெரிக்கா முதல் உலகப் போரில் இறங்கியது. ஆகஸ்டில் ஹெர்பர்ட் ஹூவர் தலைமையில் உணவு நிர்வாகத் துறை ஒன்று அமைந்தது. ஐரோப்பாவில் பசியால் வாடும் மக்களுக்கும் போர்வீரர்களுக்கும் அனுப்புவதற்காக, கோதுமை, இறைச்சி, கொழுப்பு, சர்க்கரை ஆகியவற்றைக் குறைத்துக்கொள்ளும்படி அத்துறை குடும்பங்களைக் கேட்டுக்கொண்டது. வீட்டில் உள்ளவர்களுக்குக் கட்டாயம் விதிக்கவில்லை. மனமுவந்து உறுதிமொழி எழுதிக் கொடுக்கச் சொன்னது.

அந்நாள்களில் பரவியதே 'போர்க் கேக்'. உலர்ந்த திராட்சையையும் சர்க்கரையையும் வாசனைப் பொருள்களையும் தண்ணீரில் கொதிக்க வைத்து, ஆறியபின் மாவும் சோடாவும் கலந்து சுடுவார்கள். சிலர் பன்றிக் கொழுப்புச் சேர்த்தார்கள். சிலர் தாவரக் கொழுப்புச் சேர்த்தார்கள். முட்டை, பால், வெண்ணெய் மூன்றும் இல்லை. 1929-க்குப் பின் பொருளாதார வீழ்ச்சி வந்து வேலையின்றி மக்கள் வாடியபோது, அதே கேக் 'ஏழையின் கேக்' என்ற பெயரோடு திரும்பி வந்தது.

இரண்டாம் உலகப் போரில் இங்கிலாந்து இன்னும் நெருக்கடியைக் கண்டது. 1940 ஜனவரி 8 முதல் வெண்ணெயும் சர்க்கரையும் பங்கீட்டில் வந்தன. 1941-இல் முட்டையும் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. கேக்கின்மேல் சர்க்கரைப் பூச்சுப் பூசுவதற்கும் தடை வந்ததால், திருமணங்களில் சிறிய கேக்கின்மேல் அட்டையால் செய்த அலங்காரக் கூட்டைக் கவிழ்த்து வைத்தார்கள். 1954 ஜூலையில்தான் பங்கீடு முற்றிலும் முடிந்தது. அந்தப் பங்கீட்டுக் காலத்திலேயே, 1944-ஆம் ஆண்டு நவம்பரில், டொனால்டு வாட்சன் என்ற ஆசிரியரும் நண்பர்களும் 'வீகன்' சங்கத்தை நிறுவினார்கள். உயிரினங்களுக்குத் துன்பம் தரலாகாது என்ற எண்ணத்தால் முட்டை, பால் பொருள்களையும் விலக்குவோர் என்பது அச்சொல்லின் பொருள். ஆக, சிலர் இல்லாமையால் விட்டதை வேறு சிலர் மனச்சான்றுக்காக விட்டார்கள்.

இப்போது நம் வீட்டு அடுப்புக்கு வருவோம். அந்தத் தாயிடம் செய்முறையைக் கேட்டு எழுதிக்கொண்டோம். பழைய போர்க் கேக்கை அது பெரிதும் ஒத்திருக்கிறது. உலர்ந்த திராட்சை 200 கிராம், வெல்லம் 200 கிராம், தண்ணீர் 300 மில்லி. வெல்லத்தைத் தண்ணீரில் கரைத்து, மண் போக வடிகட்டி, அதில் திராட்சையையும் பட்டை, கிராம்பு, ஜாதிக்காய்த் தூளையும் வாசனையற்ற எண்ணெய் 80 மில்லியையும் சேர்த்து ஐந்து நிமிடம் கொதிக்க விட வேண்டும். பிறகு முற்றிலும் ஆற விட வேண்டும். இதுதான் முக்கியம் என்கிறார். சூட்டோடு மாவைக் கொட்டினால் அது களியாகிவிடும். சோடாவின் காற்றும் வீணாகிவிடும். ஆறியபின் 250 கிராம் மைதாவில் ஒரு தேக்கரண்டி ஆப்பச் சோடாவும் ஒரு சிட்டிகை உப்பும் சலித்துச் சேர்த்து, கடைசியில் ஒரு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு விட்டுக் கிளற வேண்டும். புளிப்பும் சோடாவும் சேரும்போது எழும் காற்றே கேக்கை உப்ப வைக்கிறது. கொதித்து ஊறிய திராட்சை ஈரத்தைக் காக்கிறது. எண்ணெய் தடவிய தட்டில் ஊற்றி, ஓவனில் 160 டிகிரியில் ஏறக்குறைய ஒரு மணி நேரம் சுட வேண்டும். ஓவன் இல்லாத வீட்டில் கனமான பாத்திரத்தில் மணல் பரப்பிச் சூடாக்கி, அதன்மேல் தட்டை வைத்து மூடிச் சுடலாம். குச்சியைக் குத்திப் பார்த்தால் ஒட்டாமல் வர வேண்டும். மறுநாள் வெட்டினால் சுவை கூடும்.

அன்பு மக்களே, நோன்பு காத்தவர், நோயுற்ற மனைவியை நேசித்தவர், கடலுக்கு அப்பால் பசித்தவரை நினைத்தவர், வேலை இழந்தும் பிள்ளைக்கு இனிப்புக் கொடுக்க விரும்பியவர் என்று எத்தனையோ பேருடைய கை இந்தக் கேக்கில் பட்டிருக்கிறது. நம் பங்கின் அந்தத் தாயும் அந்த வரிசையில் வந்தவரே. தம் மகன் உண்ணக்கூடியதை எல்லாரும் அவனோடு சேர்ந்து உண்ண வேண்டும் என்றே அவர் அதைக் கோவிலுக்குக் கொண்டுவந்தார். நாம் அதை ஓரத்தில் வைத்தோம். ரூவானின் கோபுரத்தைக் குறை சொல்லும் நாம், நம் மேசையிலும் ஒரு சுவர் எழுப்பியதை உணரவில்லை.

ஆகவே, பொன்விழாத் திருப்பலிக்குப் பின் நடைபெறும் அன்பின் விருந்தில் வெட்டப்படும் கேக் அந்தத் தாயின் செய்முறைப்படியே செய்யப்படும். அவரும் அன்னையர் குழுவினரும் சேர்ந்து செய்ய இசைந்திருக்கிறார்கள். அவருடைய மகனே முதலில் கத்தியைப் பிடிப்பான். முட்டை ஒத்துக்கொள்ளாதவர், பால் ஒத்துக்கொள்ளாதவர், விரதம் இருப்பவர், நம் விழாவுக்கு வரும் பிற சமயச் சகோதரர்களில் சைவ உணவு உண்பவர் என எல்லாரும் ஒரே தட்டிலிருந்து எடுக்கலாம். நாமும் வரிசையில் நின்று, நமக்குரிய துண்டைக் கேட்டு வாங்குவோம். சென்ற ஆண்டு உண்ணத் தவறிய துண்டு அது.

இறைவனின் ஆசீர் உங்கள் இல்லங்களில் நிறைவாகத் தங்குவதாக.

கிறிஸ்துவில் அன்புடன்,
உங்கள் பங்குத் தந்தை