கண்ட சான்றும் கேட்ட சொல்லும்

“உஸ்தாத், பெரியோர் எழுதியதைத் திருத்தலாமா?” என்று மாணவர் ஒருவர் வினவினார். மிஸ்ரு நாட்டு வரலாற்றிலிருந்தே விடை கூறினேன்.

சக்காராவில், ஏறத்தாழ 2,600 ஆண்டுகளுக்கு முன் சடலங்களைப் பதப்படுத்திய கூடமொன்று கண்டறியப்பட்டது. அங்குக் கிடைத்த 31 மட்கலங்களின் படிவுகளை ஆராய்ந்த முடிவுகள் 2023-இல் வெளியாயின. சில கலங்களில் ‘அந்தியு’ என்று எழுதப்பட்டிருந்தது. அச்சொல்லுக்கு வெள்ளைப்போளம் என்றே அறிஞர்கள் நெடுங்காலம் பொருள்கொண்டனர். கலங்களில் இருந்ததோ, தேவதாரு முதலிய மரங்களின் எண்ணெய்யும் விலங்குக் கொழுப்பும் சேர்ந்த கலவை!

பக்தாதைச் சேர்ந்த மருத்துவ அறிஞர் அப்துல் லத்தீஃப் (ரஹ்) அவர்களும் இதே மிஸ்ரில்தான் இத்தகைய பாடத்தை விட்டுச்சென்றார்கள். கி.பி. 1200-ஐ ஒட்டிய கொடும்பஞ்சத்தில் மாண்டோரின் எலும்புகளை அன்னார் ஆராய்ந்தார்கள். கீழ்த்தாடை இரு எலும்புகளால் ஆனது என்பது கிரேக்க மருத்துவர் காலனின் கூற்று. அது ஒரே எலும்பு எனக் கண்டு, அவ்வாறே பதிவு செய்தார்கள். காலனை அவர்கள் மதிக்காமலில்லை; அந்த மதிப்பிற்காகக் கண்ட உண்மையை மறைக்கவுமில்லை.

ஆகவே, கண்ணியமான பெற்றோர்களே, பிள்ளைகள் “சான்று என்ன?” என்று வினவும்போது அதட்டி அடக்காதீர்கள். அதுவும் கல்விக்கான அதபுதான்.