சிப்பி பதித்த கை: மைக் லாங்வொர்த்

மார்ட்டின் கம்பெனியின் டி-28 கிட்டாரையும் டி-45 கிட்டாரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு வாசிக்கச் சொல்லிக் கேட்டால், எது எது என்று சொல்வது கஷ்டம். இரண்டும் ஒரே அளவு. இரண்டுக்கும் முதுகும் பக்கங்களும் ரோஸ்வுட், முன்பலகை ஸ்ப்ரூஸ். கண்ணைத் திறந்தால்தான் வித்தியாசம் தெரியும். டி-45-ன் விளிம்பெல்லாம் அபலோனி என்ற கடல் சிப்பி மினுங்கும். முன்பலகையைச் சுற்றி, நடுத்துளையைச் சுற்றி, பக்கங்களில், முதுகில் என்று ஒரு ஓரம் விடாமல் பச்சையும் நீலமும் இளஞ்சிவப்புமாக ஒரு கோடு ஓடும். விலையிலோ மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம்.

இந்தக் கோட்டைப் போட்டே வாழ்க்கையை ஆரம்பித்தவர் மைக் லாங்வொர்த். அமெரிக்காவின் டென்னசி மாநிலத்துக்காரர். பெரிய பாடகரோ வாத்தியக்காரரோ இல்லை. அதனாலேயே கிட்டார் பிரியர்களைத் தாண்டி அவர் பெயர் யாருக்கும் தெரியாது.

அவர் கதைக்குப் போகும் முன் கொஞ்சம் பின்னால் போகவேண்டும். கிறிஸ்டியன் ஃபிரடெரிக் மார்ட்டின் என்ற ஜெர்மானியர் 1833-ல் நியூயார்க்கில் தொடங்கிய கிட்டார் தொழில், சில வருடங்களில் பென்சில்வேனியாவில் உள்ள நாசரேத் என்ற சின்ன ஊருக்கு மாறியது. கம்பெனி இன்றும் அந்தக் குடும்பத்தின் கையில்தான் இருக்கிறது. சிப்பி வேலை அவர்களுக்குப் புதிது இல்லை. உச்சகட்ட அலங்காரத்துக்கு "45" என்ற எண்ணை 1904-லேயே வைத்துவிட்டார்கள். ஜிம்மி ராட்ஜர்ஸ் என்ற நாட்டுப்புறப் பாடகர் அப்படி ஒரு 45 கிட்டாரில் தன் பெயரையே சிப்பியில் பதித்து வைத்திருந்தார். அவருக்கு ரசிகராக இருந்த ஜீன் ஆட்ரி (பின்னாளில் சினிமாவில் பாடும் கௌபாயாகப் புகழ்பெற்றவர்) அதே மாதிரி வேண்டும், ஆனால் உடல் பெரிதாக வேண்டும் என்று 1933-ல் ஆர்டர் கொடுத்தார். அதுதான் முதல் டி-45. விரல் பலகையில் அவர் பெயர் சிப்பியில் எழுதப்பட்ட அந்தக் கிட்டார் இப்போது லாஸ் ஏஞ்சல்ஸில் அவர் பெயரிலேயே இருக்கும் மியூசியத்தில் இருக்கிறது.

பொருளாதார மந்தக் காலத்தில் இவ்வளவு ஆடம்பரமான கிட்டாரை எத்தனை பேர் வாங்குவார்கள்? 1942 வரை மொத்தம் 91 டி-45-கள்தான் செய்யப்பட்டன. அப்புறம் யுத்தம் வந்தது, நிறுத்திவிட்டார்கள். யுத்தம் முடிந்த பிறகும் திரும்ப ஆரம்பிக்கவில்லை.

வாங்க ஆள் இல்லாதபோது கடையில் கிடைத்தது, ஆள் வந்தபோது கிடைக்கவில்லை. 1950களில் ப்ளூகிராஸ் இசை வேர் பிடித்தபோது எல்லோருக்கும் மார்ட்டின் வேண்டும், மேடையில் பளிச்சென்று தெரியவும் வேண்டும். இருப்பதோ 91. அதை வைத்திருப்பவர்கள் விற்கப் போவதில்லை. (தேவை, அளிப்பு பாடத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.)

இந்த இடைவெளியில்தான் லாங்வொர்த் வந்தார். டி-28-ம் டி-45-ம் உள்ளே ஒன்றுதான் என்றால், டி-28-ஐ வாங்கிச் சிப்பி பதித்தால் போயிற்று! சொல்வது சுலபம், வேலை அப்படி இல்லை. சிப்பி ஓடு வளைந்தது. அதை ஒன்றரை மில்லிமீட்டர் போலத் தட்டையான தகடாக்கினால்தான் பயன்படும். நகை வேலைக்காரர்கள் வைத்திருப்பது மாதிரியான நூல் ரம்பத்தால் உருவங்களை அறுக்கவேண்டும். கண்ணாடி மாதிரி உடையும், ரம்பக் கத்தியும் அடிக்கடி அறும். அறுக்கும்போது பறக்கும் தூள் நுரையீரலுக்கு ஆகாது. பிறகு கருங்காலிப் பலகையில் அதே உருவத்துக்குப் பள்ளம் தோண்டி, பசை வைத்து இறக்கி, சந்துகளைக் கருங்காலித் தூளும் பசையும் கலந்து அடைத்து, உப்புத்தாளால் தேய்த்துச் சமப்படுத்தவேண்டும்.

இது விரல் பலகைக்கு. விளிம்பு வேலை இன்னும் மோசம். செய்து முடித்து வார்னிஷ் அடித்த கிட்டாரின் ஓரப்பட்டையைப் பெயர்த்து, சிப்பி உட்கார ஒரு மெல்லிய கால்வாய் வெட்டி, சின்னச் சின்னத் துண்டுகளை முனையோடு முனை சேர்த்து வளைவு முழுக்க நிரப்பவேண்டும். சிப்பியை வளைக்க முடியாது என்பதால் இடுப்பு வளைவில் துண்டுகள் பொருந்துவதில்தான் கைத்திறன் தெரியும். இணைப்பு கண்ணுக்குத் தெரிந்தால் வேலை கெட்டது என்று அர்த்தம்.

லாங்வொர்த் இதைக் கம்பெனியின் நிழல்கூட இல்லாமல் செய்துகொண்டிருந்தார். 1950களின் நடுவில் ஆரம்பித்து, ஊர் ஊராகப் பாடகர்கள் அவரிடம் கிட்டாரை அனுப்பும் அளவுக்குப் பெயர் பரவியது. ப்ளூகிராஸ் ஜாம்பவான் லெஸ்டர் ஃப்ளாட்டின் டி-28-ல் இருக்கும் சிப்பி வேலைப்பாடு இவர் செய்ததுதான்.

இதற்குள் நாசரேத்தில் டி-45 கேட்டு வந்த குரல்கள் அதிகமாகிவிட்டன. ஆனால் கால் நூற்றாண்டாக யாரும் செய்யாத வேலை அது. ஒரு தொழிற்சாலையில் 25 வருடம் ஒரு வேலை நின்றுபோனால் கையோடு சேர்ந்து ஞாபகமும் போய்விடும். 1968-ல் கம்பெனி லாங்வொர்த்தையே வேலைக்கு எடுத்தது. தங்கள் கிட்டாரை வெளியே உட்கார்ந்து மாற்றிக்கொண்டிருந்தவரைக் கூப்பிட்டு, உள்ளே வந்து அதையே எங்களுக்குக் கற்றுக்கொடு என்றது. ஈகோ பார்க்காத முடிவு, சபாஷ் போடலாம். அந்த வருடம் 67 டி-45-களும் 1969-ல் 162-ம் பிரேசில் ரோஸ்வுட்டில் வெளிவந்தன. அதற்கப்புறம் பிரேசில் மரக்கட்டை கிடைப்பது சிரமமாகி, இந்திய ரோஸ்வுட்டுக்கு மாறினார்கள். நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் விளையும் ஈட்டி மரம்தான் அது. நீல் யங் மாதிரியான ராக் பாடகர்கள் கைக்கு டி-45 போனது இந்த மறுபிறப்புக்குப் பிறகுதான்.

இங்கேதான் கதை திரும்புகிறது. கம்பெனிக்குள் வந்த லாங்வொர்த் சிப்பியோடு நிற்கவில்லை. பழைய கணக்குப் புத்தகங்களைப் புரட்ட ஆரம்பித்தார், கம்பெனியின் வரலாற்றாசிரியர் ஆனார். 1975-ல் மார்ட்டின் கிட்டார்களின் வரலாற்றைப் புத்தகமாகப் போட்டார். எந்த மாடல் எந்த வருடம் எத்தனை செய்யப்பட்டது, எந்த வருடம் எந்த வரிசை எண்ணோடு முடிந்தது என்று பட்டியல் பட்டியலாகக் கொடுத்தார். (மார்ட்டின் வரிசை எண் 1898-ல் 8000 என்று ஆரம்பிக்கிறது. அதுவரை சுமார் எட்டாயிரம் செய்திருப்போம் என்று குத்துமதிப்பாக வைத்த எண்!) தாத்தாவின் கிட்டார் எந்த வருடத்தியது என்று வீட்டில் உட்கார்ந்தே பார்த்துக்கொள்ள வழி பிறந்தது.

பழைய கிட்டார் சந்தை வளர்ந்ததில் இப்படிப்பட்ட பட்டியல்களுக்குப் பெரிய பங்கு உண்டு. எது அபூர்வம் என்று எண்ணிக்கையோடு தெரிந்தால்தான் விலை ஏறும். யுத்தத்துக்கு முந்தைய அசல் டி-45 இன்று சில லட்சம் டாலர். அதே காலத்து டி-28-ம் லேசுப்பட்டதில்லை, ஆனால் ஒரு நிபந்தனை: தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே இருக்கவேண்டும். விளிம்பைப் பெயர்த்து அழகாகச் சிப்பி பதித்திருந்தால், எவ்வளவு நல்ல வேலையாக இருந்தாலும், விலை இறங்கும். அதாவது லாங்வொர்த் இளமையில் செய்த வேலையைச் சேகரிப்பாளர்கள் குறையாகக் கணக்கெழுதுகிறார்கள். அந்தக் கணக்கை எழுதக் கற்றுக்கொடுத்ததில் லாங்வொர்த்தின் புத்தகத்துக்கும் பங்கு உண்டு.

அவரைக் குறை சொல்வது நியாயமே இல்லை. 1950களில் ஒரு பழைய டி-28 என்பது பழைய டி-28, அவ்வளவுதான். பொக்கிஷம் இல்லை, வயிற்றுப்பாட்டுக்கான கருவி. சொந்தக்காரன் காசு கொடுத்து, மேடையில் மின்னவேண்டும் என்று கேட்டு வாங்கிய வேலை அது. லெஸ்டர் ஃப்ளாட்டின் கிட்டாரைப் பழையபடி ஆக்கித் தாருங்கள் என்று இன்று யாராவது கேட்பார்களா?

லாங்வொர்த் 1990களின் நடுவில் ஓய்வு பெற்று, 2003-ல் காலமானார். அவர் கற்றுக்கொடுத்த வேலையில் பாதியை இப்போது கணினி இயந்திரங்கள் அறுக்கின்றன. விளிம்பில் துண்டுகளைப் பொருத்துவது மட்டும் இன்னும் மனிதக் கைதான். அவருடைய புத்தகத்தை ரிச்சர்ட் ஜான்ஸ்டனும் டிக் போக்கும் திருத்தி விரித்து 2008, 2009-ல் இரண்டு பாகங்களாகக் கொண்டுவந்தார்கள்.

பழைய மார்ட்டின் ஒன்றை வாங்கப் போகிறவர் முதலில் விளிம்புச் சிப்பியைப் பார்ப்பதில்லை. டார்ச் அடித்து நடுத்துளை வழியாக உள்ளே எட்டிப் பார்க்கிறார். கழுத்து சேரும் மரக்கட்டையில் வரிசை எண்ணும், 1930-க்குப் பிந்தையது என்றால் அதற்கு மேலே மாடல் எண்ணும் குத்தியிருக்கும். வெளியே முழுக்கச் சிப்பி மின்ன, உள்ளே டி-28 என்று இருந்தால், அடுத்த கேள்வி இதுதான்: "பதித்தது யார்? லாங்வொர்த்தா?"