கெல்ட்ரான் ஊரில் ஹார்ட் டிஸ்க் வாங்கிய கதை

திருவனந்தபுரம் வந்து வருஷம் பல ஆச்சு. போன மாதம் வீட்டுக்கு ஒரு டெஸ்க்டாப் சேர்க்க உட்கார்ந்தேன். "இந்த ஊர்ல செஞ்ச ஹார்ட் டிஸ்க் கிடைக்குமாப்பா?" என்றாள் மகள்.

நியாயமான கேள்விதான். 1973-ல் கே.பி.பி. நம்பியார் தலைமையில் அரசு ஆரம்பித்த கெல்ட்ரான் இந்த ஊர்க் கம்பெனி. டிவியாகத்தான் பலருக்கு ஞாபகம் இருக்கும். கண்ணூரில் கெபாசிட்டரும் செய்தார்கள் (இன்றும் செய்கிறார்கள்). 1990-ல் டெக்னோபார்க் வந்ததும் ஊர் சாஃப்ட்வேர் பக்கம் சாய்ந்துவிட்டது. 2019-ல் கெல்ட்ரானும் பங்கு சேர்ந்து கோகோனிக்ஸ் லேப்டாப் வந்தது. ஆனால் ஹார்ட் டிஸ்க்? கடையில் நான் பார்த்ததெல்லாம் வெளிநாட்டுச் சரக்கு.

அதன் விலை 2011-ல் எனக்குப் புரிந்தது. தாய்லாந்து வெள்ளத்தில் வெஸ்டர்ன் டிஜிட்டல் தொழிற்சாலை மூழ்கியது. உலகம் முழுக்க டிஸ்க் விலை ஏறியது. இரண்டாவது டிஸ்க் வாங்க இருந்த நான், இறங்கட்டும் என்று தள்ளிப்போட்டேன். அதற்குள் பழையது படுத்துவிட்டது. அப்பா அம்மாவின் அறுபதாம் கல்யாணப் படங்கள் அதோடு போச்சு. அப்பாவும் இப்போது இல்லை.

இந்த முறை கிராஃபிக்ஸ் கார்டை வெட்டினேன். விண்டோஸுக்குச் சின்ன எஸ்எஸ்டி. துலாவர்ஷ இடிக்குப் பயந்து நல்ல எஸ்எம்பிஎஸ், யுபிஎஸ். படங்களுக்கு இரண்டு ஹார்ட் டிஸ்க், வேறு வேறு கடையில். கரண்ட் இல்லாமல் வருஷக்கணக்கில் கிடந்தால் எஸ்எஸ்டியை நம்ப முடியாது. ஒன்று இங்கே, இன்னொன்று காரைக்குடியில், தம்பி வீட்டு பீரோவில்.